கங்காணியின் வாரிசுகள்

(ஜார்ஜ்டவுனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்பாடு மனிதவள நிர்வாகத்தை எப்படி வடிவமைக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். அமைப்பாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் ஒருமுறையாவது அந்தப் பயிற்சி வகுப்புக்குப் போயிருப்பீர்கள். ஹோட்டல் மண்டபம், கரிபாப்பும் தேநீரும், கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்றுநர். திரையில் ஓர் எண் வரும்: 104. மலேசியர்களுக்கு மேலதிகாரி என்றால் மரியாதை அதிகம், முகத்துக்கு நேரே மறுத்துப் பேசமாட்டார்கள், ஆகவே நிர்வாகம் தகப்பனைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்கம் வரும். நாமும் குறித்துக்கொள்வோம். மறுத்துப் பேச மாட்டோம் அல்லவா!

இந்த 104 எங்கிருந்து வந்தது? 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐபிஎம் நிறுவனம் பல நாடுகளில் இருந்த தன் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டது. அந்தத் தாள்களை வைத்து நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹோஃப்ஸ்டெட் 1980-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். நாடுகளின் பண்பாட்டை எண்களாக்கியது அந்த நூல். அதிகார இடைவெளிக்கு அவர் ஒரு குறியீடு வைத்தார். ஆஸ்திரியாவுக்கு 11, அமெரிக்காவுக்கு 40, பின்னர் பட்டியலில் சேர்க்கப்பட்ட மலேசியாவுக்கு 104. நூற்றுக்கு நூற்று நான்கு வாங்கி உலகத்திலேயே முதலிடத்தில் நின்றோம்.

அந்தக் குறியீடு மூன்று கேள்விகளிலிருந்து பிறந்தது. மேலதிகாரியோடு கருத்து மாறுபட்டால் அதைச் சொல்ல ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி பயப்படுகிறார்கள் என்பது ஒன்று. உங்கள் மேலாளர் எந்த மாதிரி முடிவெடுப்பவர், எந்த மாதிரி மேலாளர் உங்களுக்குப் பிடிக்கும் என்பவை மற்ற இரண்டு. முதல் கேள்வியைக் கவனியுங்கள். அது பயத்தைக் கேட்கிறது. பயம் என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயம். பயமுறுத்துகிறவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பயப்படுகிறவரின் முப்பாட்டன் வழக்கத்தில் காரணம் தேடினால், மேலாளருக்கு அதைவிட வசதியான ஆராய்ச்சி வேறு இருக்க முடியாது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரையும் சேர்த்து ஒரே எண்ணில் அடக்கியதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு நிறுவனம் ஆளை எந்த வழியாக எடுக்கிறது, யாரை யாருக்கு மேல் வைக்கிறது, யார் தலையில் கடனை ஏற்றுகிறது என்பதிலிருந்துதான் பிற்காலத்தில் நாம் 'பண்பாடு' என்று பெயர் வைக்கிற குணங்கள் பலவும் உண்டாகின்றன. ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்தவை என்று நாம் நினைப்பவற்றில் பாதி, இங்கே வேலையிடத்தில் செய்யப்பட்டவை. இதைப் பேசப் பினாங்கைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

பாயான் லெப்பாஸ் கரையில் நின்றால் எதிரே ஜெரெஜாக் தீவு தெரியும். நம் முன்னோரில் பலர் மலாயாவில் முதலில் மிதித்த மண் அது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்களில் இருந்த கூலிகளை நோய்த் தடுப்புக்காக அங்கே இறக்கி வைத்திருந்து, பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். மைக்ரோசிப் செய்யும் கரையும் கூலிகளைத் தங்க வைத்த தீவும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஓடுவது சின்னக் கடல்தான்.

முதலில் வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் பெரும்பகுதியினர் போனார்கள். 1910-இல் அந்த ஒப்பந்த முறைக்கு முடிவு கட்டப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது; ரப்பரோடு கங்காணியும் தலையெடுத்துவிட்டார்.

கங்காணியை நம் கதைகளில் கொடுமைக்காரராகவே பார்த்துப் பழகிவிட்டோம். சவுக்கும் மீசையுமாக ஒரு வில்லன். அது பொய்யில்லை, ஆனால் அப்படி மட்டும் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் தெரியாமல் போய்விடும். தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் ஆளைத் துரை தேர்ந்தெடுத்து, கையில் உரிமச் சீட்டையும் பணத்தையும் கொடுத்து, அவருடைய சொந்தக் கிராமத்துக்கே அனுப்புவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு என்று எந்த ஜில்லாவானாலும் அவர் போய் நிற்பது தன் தெருவில். தன் தங்கை புருஷன், சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுக்காரன், அவன் மனைவி, பிள்ளைகள் என்று திரட்டிக்கொண்டு கப்பலேறுவார். ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். அத்தோடு கதை முடியவில்லை. தோட்டத்தில் அந்தக் கூட்டத்துக்கு அவரே மேஸ்திரி. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் இன்றைக்குத் தன் ஆட்கள் எத்தனை பேர் வந்து நின்றார்களோ அத்தனை தலைக்கு அவருக்குத் தலைக்காசு. ஒருவன் காய்ச்சலில் படுத்தாலும், பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினாலும், நஷ்டம் கங்காணிக்கு.

இன்றைய மனிதவளப் பிரிவில் ஆளெடுப்புக்கு ஒருவர், வருகைப் பதிவுக்கு ஒருவர், ஊழியர் விலகாமல் தக்கவைக்க ஒருவர், குறை கேட்க ஒருவர் என்று மேசை போட்டிருக்கிறோம். கங்காணி ஒரே ஆளாக எல்லா மேசையிலும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நிர்வாகம் கொடுத்த கருவி என்ன? உறவுமுறை. மாமன் சொன்னால் மருமகன் தட்டமாட்டான். கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவரும் அவர், திருவிழாவுக்கு முதல் மரியாதை வாங்குபவரும் அவர், பெரட்டில் பெயர் கூப்பிடுபவரும் அவர். அவருக்கு எதிராக வாய் திறந்தால் சம்பளம், சாதிசனம், சாமி மூன்றையும் ஒரே மூச்சில் பகைத்துக்கொள்ள வேண்டும். மாரியம்மன் கோயில் கட்ட நிலமும் பணமும் துரை தந்தார் என்று பல தோட்டங்களில் பெருமையாகச் சொல்வார்கள். திருவிழாவுக்கு லீவும் தந்தார். அது பக்தியால் தந்தது என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

கங்காணிக்கு மேலே கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். அவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளியாகவோ இருப்பார். அவருக்கு மேலே வெள்ளைத் துரை. பக்கத்துக் காட்டில் சீனர்கள் தங்கள் தலைவன் மூலமாகக் குத்தகைக்கு வேலை செய்வார்கள், தமிழருக்கு நாள் சம்பளம். சீனருக்குக் கூலி கூடுதல். இப்படிப் பிரித்து அடுக்கிவைத்துவிட்டு, தோட்டத் துரைமார்கள் எழுதினார்கள்: தமிழன் பணிவானவன், சீனன் உழைப்பாளி ஆனால் பிடிவாதக்காரன், மலாய்க்காரன் சோம்பேறி. அவரவர் இனத்தின் இயல்பாம் இது. இந்தக் கட்டுக்கதையை உரித்துக் காட்டியவர் சைட் உசேன் அலாத்தாஸ். சோம்பேறி உள்ளூர்வாசி என்ற கற்பனையைப் பற்றிய அவருடைய நூல் 1977-இல் வந்தது. 1969-இல் இந்த மாநிலத்தின் ஆட்சியைப் பிடித்த கெராக்கான் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதைப் பினாங்குக்காரர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

'பணிவான தமிழன்' என்ன செய்தான் என்று 1941-இல் கிள்ளானில் பார்த்தார்கள். ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற வேலைநிறுத்தங்கள் அவை. கோரிக்கைப் பட்டியலில் சீனருக்குச் சமமான கூலி இருந்தது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இருந்தது, பெண்களிடம் மேற்பார்வையாளர்கள் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது இருந்தது. இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லை என்ற உரிமை. சம்பளத்தோடு இதையும் எழுதினார்கள். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போருக்குப் பிறகு நமக்கு அருகே கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தொண்டர் படையைத் திரட்டிக் கள்ளுக்கு எதிராக நின்றார். அதிகார இடைவெளி 104 என்றால் இந்த மனிதர்களை எந்தக் கட்டத்தில் போடுவது?

கங்காணியின் ஆட்கள்தாம் இவர்கள். அதே கிராமம், அதே சாமி, அதே உறவுமுறை. கூட்டாக வாழும் பழக்கம் அவர்களைப் பணியவும் வைத்தது, எதிர்க்கவும் வைத்தது. கூட்டத்துக்கு நடுவில் யார் நிற்கிறார், கங்காணியா தொண்டரா என்பதில்தான் வேறுபாடு.

இனி எழுபதுகளுக்கு வருவோம். பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்து, இளைஞர்கள் வேலையில்லாமல் திரிந்த காலம். முதலமைச்சர் லிம் சோங் இயூ பாயான் லெப்பாஸ் வயல்களைத் தொழிற்பேட்டையாக்கினார். 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே தொடங்கியது. இன்டெல்லோடு ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரானிக்ஸ் என்று அந்தத் தொடக்க காலத்தில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் எட்டுச் சாமுராய்கள் என்கிறார்கள்.

அவர்களுக்கு வேண்டியது மெல்லிய விரல், கூர்மையான கண், குறைந்த சம்பளம். கம்பத்திலிருந்து மலாய்ப் பெண்களைப் பஸ் வைத்து அழைத்து வந்தார்கள். தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களும் போனார்கள். என் அக்கா அப்படிப் போனவர். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் 1985-இல்தான் திறந்தது. அதற்கு முன் அக்கரையிலிருந்து வருபவர்கள் விடியுமுன் எழுந்து, பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி பிடித்து, மறுபடி பஸ் ஏற வேண்டும். எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் இரவு.

அந்தக் காலத்தில் தொழிற்சாலைகளில் மலாய்ப் பெண்கள் திடீரென்று அலறி விழுவார்கள். ஒருவர் அலறினால் வரிசையாகப் பலர். மைக்ராஸ்கோப்பில் பேய் முகம் தெரிந்தது என்பார்கள். நிர்வாகம் இதை மலாய்ப் பண்பாடு என்று முடிவு கட்டியது. பொமோ என்ற மலாய் மந்திரவாதியை வரவழைத்தார்கள், ஆடு வெட்டிக் கழிப்புக் கழித்தார்கள், விழுந்தவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பினாங்கில் பிறந்த மானிடவியலாளர் ஐவா ஓங் சிலாங்கூரின் கோலா லங்காட்டில் தங்கி ஆராய்ந்து 1987-இல் எழுதிய நூல் இதை வேறு மாதிரிப் படித்தது. வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத எதிர்ப்பு, பேயின் வாய் வழியாக வந்தது என்றார் அவர். நான் ஓங் அளவுக்குப் போகாவிட்டாலும் ஒன்று கேட்பேன்: பொமோவுக்குச் செலவழித்தவர்களில் எத்தனை பேர் ஷிப்ட் அட்டவணையை எடுத்துப் பார்த்தார்கள்? பண்பாட்டுக்கு மதிப்புக் கொடுப்பதாகக் காட்டிக்கொண்டு வேலை முறையைத் தொடாமல் விட்டுவிடலாம். இந்த உத்தியை மனிதவளத் துறை இன்னும் மறக்கவில்லை.

எண்பதுகளில் ஜப்பானியப் பண்பாடு வந்தது. 1982-இல் பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். நிறுவனமே குடும்பம், காலையில் சேர்ந்து உடற்பயிற்சி, தரக்கட்டுப்பாட்டு வட்டங்கள், இவற்றோடு நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் சங்கம். மின்னணுத் தொழிலாளர்கள் தேசிய அளவில் சங்கம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். 1988-இல் கிடைத்தது உட்சங்கம் மட்டும். குடும்பத்துக்குள் சண்டை எதற்கு என்பது விளக்கம். வட்டார அளவிலான சங்கத்துக்கு வழி திறக்க இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இதே பேட்டையில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இன்டெல் தன் ஊழியர்களுக்கு எதிர்த்து வாதாடுவது எப்படி என்று வகுப்பே நடத்தியது. இன்டெல் தலைவராக இருந்த ஆண்டி குரோவ் வளர்த்த பழக்கம் அது: கூட்டத்தில் பதவி பார்க்காமல் தரவை வைத்து மோது, முடிவான பிறகு சேர்ந்து செய். பேச மாட்டார்கள் என்று 104 மதிப்பெண் போடப்பட்ட ஊரில் இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் பிறகு ஆலைகளின் தலைவர்களானார்கள், சிப் வடிவமைப்பையே இங்கே கொண்டு வந்தார்கள். வீட்டில் அப்பாவிடம் எதிர்த்துப் பேசாத பையன் அலுவலகத்தில் கலிபோர்னியாக்காரனிடம் "நீங்கள் சொல்வது தவறு" என்கிறான். பேசினால் தண்டனை இல்லை என்று தெரிந்தால் மனிதன் பேசுகிறான். 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தையும் பாருங்கள். சந்தையில் அடித்துக்கொள்ளும் நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் தங்கள் ஆட்களைப் பயிற்றுவிக்கச் சம்மதித்தன. எந்த நாட்டுப் பண்பாட்டுப் பாடத்திலும் இது கிடையாது. இங்கே தேவைப்பட்டது, இங்கே செய்தார்கள்.

குழு அடையாளம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். பிரிஸ்டலில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970-ஐ ஒட்டிப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கிளேயின் ஓவியம் பிடித்தவர்கள் ஒரு குழு, காண்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தவர்கள் ஒரு குழு என்று சொல்லிப் பிரித்தார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். யார் தன் குழுவில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாத பையன்கள், காசு பங்கிடச் சொன்னால் தன் குழுவுக்குக் கூடுதலாகப் போட்டார்கள். மனிதனுக்குக் குழு சேர மொழி, மதம், ரத்தம் எதுவும் கட்டாயமில்லை என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். அப்படியானால் நிறுவனங்கள் ஏற்பாடு செய்யும் ஒரே நிறச் சட்டை, குடும்ப தினம், பலூன் விளையாட்டு ஆகியவை போதுமே, ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை?

தைப்பூசத்தில் பதில் இருக்கிறது. வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். கோயில் சங்கங்கள் போடுபவை உண்டு, வேலையிட நண்பர்கள் சேர்ந்து போடுபவையும் உண்டு. அப்படி ஒரு தொழிற்சாலை நண்பர்களின் பந்தலை நான் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஸ்டோரில் வேலை பார்க்கும், மீட்டிங்கில் வாயே திறக்காத ஒருவர், அங்கே அரிசிக் கணக்கும் ஆள் கணக்கும் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் விரட்டுகிறார். பொறியாளர் கோஸ் நறுக்குகிறார். சீன சூப்பர்வைசர் ஒருவர் லாரி ஏற்பாடு செய்துவிட்டு, ரதத்துக்கு முன் உடைக்கத் தேங்காய் மூட்டையோடு வருகிறார். மலாய்த் தோழிகள் முந்தின நாள் ஷிப்டை ஏற்றுக்கொண்டதால்தான் பாதிப் பேர் அங்கே நிற்கவே முடிகிறது. சைவ பீஹூனும் மோரும் தீரும்வரை யாரும் உட்காருவதில்லை. நிர்வாகம் கேட்காத வேலை அது. என்ன சமைப்பது, யார் தலைமை, எவ்வளவு வசூல் என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள், தப்பு நடந்தால் அவர்களே திட்டிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை ஆலைக்குத் திரும்பியதும் ஸ்டோர்க்காரர் மறுபடி வாயை மூடிக்கொள்கிறார். அவருடைய பண்பாடு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் மாறிவிட்டதா என்ன?

நிறுவனங்கள் பந்தலுக்கு நன்கொடை தருகின்றன, பெயர்ப்பலகையும் வைக்கின்றன. நல்லது. அந்த ஸ்டோர்க்காரரை ஒரு மாதம் ஷிப்ட் அட்டவணை போடச் சொன்ன நிறுவனத்தை மட்டும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஷிப்ட் மாற்றிக்கொள்வதைச் சொன்னேன். மலேசியாவின் உண்மையான பண்பாட்டு நிர்வாகம் அங்கேதான் நடக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வருடத்துக்கு 11 பொது விடுமுறை நாள் தருகிறது. அதில் ஐந்துதான் கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். நோன்புப் பெருநாளோ சீனப் புத்தாண்டோ தீபாவளியோ அந்த ஐந்தில் இல்லை. மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அந்தத் தாளைத் தட்டச்சு செய்யும் அதிகாரி, தான் எவ்வளவு பெரிய பண்பாட்டு முடிவை எடுக்கிறார் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. அதற்கு மேல் நடப்பது எல்லாம் தொழிலாளர்களின் சொந்த ஏற்பாடு: சீனப் பெருநாளுக்கு நான் நிற்கிறேன், தீபாவளிக்கு நீ நில். எழுதாத இந்த ஒப்பந்தத்தில்தான் இந்நாட்டு இரவு ஷிப்டுகள் ஓடுகின்றன.

ஆலைக்குள் இப்படி இருக்க, வாசல் வேறு மாதிரி இருக்கிறது. ஆய்வாளர்களான லீ ஹுவோக் ஆனும் முகமட் அப்துல் காலிட்டும் பொறியியல், கணக்கியல் வேலைகளுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். மலாய்ப் பெயருக்கு நூற்றுக்கு 4.1 அழைப்பு, சீனப் பெயருக்கு 22.1. தகுதிகள் ஒப்பானவை. இந்தியப் பெயர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை; அங்கும் நாம் வரிசைக்கு வெளியேதான் நின்றோம். 'நம் குழுவோடு ஒத்துப்போவாரா' என்று நேர்முகத்தில் கேட்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு மறைந்திருக்கிறது.

கடைசியாக, இன்று பாயான் லெப்பாஸ் விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். வங்காளதேசம், நேபாளம், மியன்மார், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கிராமத்தில் ஏஜெண்டு அணுகுகிறார். பெரும்பாலும் தெரிந்தவர், சில நேரம் உறவினர். நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். வெரிட்டே என்ற அமைப்பு மலேசிய மின்னணுத் துறையில் 501 பேரிடம் பேசி 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 28 சதவீதம் பேர் கட்டாய உழைப்பு நிலையில் இருப்பதாகக் கண்டது. முக்கியக் காரணங்களில் ஒன்று ஆளெடுப்புக் கட்டணக் கடன். அந்தப் பையன்களைப் பற்றி நம் மேலாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: "பங்களாக்காரன் அமைதியானவன், ஓ.டி. கொடுத்தால் போதும், கேள்வி கேட்க மாட்டான். அவங்க கல்ச்சர் அப்படி." தமிழ் மேலாளர்களும் இப்படிச் சொல்கிறார்கள். துரை தன் நாட்குறிப்பில் யாரைப் பற்றி இப்படி எழுதினார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். இந்தியத் தொழிலாளியை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு முதலாளியும் வேலை நாள் கணக்கில் அதற்குப் பணம் கட்ட வேண்டும். கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து போகும். தொழிலாளி பயணக் கடனோடு இறங்கக் கூடாது. காலனி அரசு தொழிலாளிமேல் இரக்கப்பட்டுச் செய்தது இல்லை, ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆளெடுப்புக் கட்டணத்தைத் தொழிலாளி கட்டக் கூடாது என்று மின்னணு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு விதி செய்தது 2015-இல். விதி வந்துவிட்டது, ஆனால் பல ஏஜெண்டுகளுக்குப் பின்னால் இன்னொரு ஏஜெண்டு இருக்கிறார். கிராமத்தில் கைமாறிய பணத்துக்கு ரசீது கிடையாது.

இந்த அவையில் மனிதவள அதிகாரிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். புதிதாக வந்திறங்கும் அந்நியத் தொழிலாளியிடம், ஏஜெண்டு பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவருடைய மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு கட்டினாய் என்று கேளுங்கள். சொன்ன தொகையை எழுதிவைத்து, நிறுவனத்திடமிருந்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள். பாஸ்போர்ட்டை அவர் கையில், பூட்டுள்ள பெட்டியோடு கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆளை லைன் மீட்டிங்கில் உட்காரவைத்து, அவர் எவ்வளவு பேசுகிறார் என்று பாருங்கள். பண்பாட்டைப் பற்றி அதன் பிறகு நாம் உட்கார்ந்து பேசலாம்.